ஏழு பேரும் ஐந்து மணிக்கு எழுகிறவர்கள்

கொத்தகுடா சந்திப்பைத் தாண்டிய பிறகுதான் கழுத்தில் அந்த நாடா இன்னும் தொங்குவதைக் கவனித்தேன். அடையாள அட்டையைக் காண்ட்ராக்டர் கொக்கியிலிருந்து கழற்றி வாங்கிக்கொண்டார். நாடாவை மறந்துவிட்டார். நீல நாடா, அதில் வெள்ளை எழுத்தில் ஆங்கில வாசகம். பலவிதமானவர்கள், ஒரே அணி என்று பொருள் வரும். எட்டாம் வகுப்போடு நின்றவன் என்றாலும் அந்த அளவு ஆங்கிலம் எனக்குத் தெரியும். கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

மாலை நேரம். கம்பெனி பஸ்களும் கேப்களும் நகராமல் நின்றன. நடக்கிறவன்தான் முன்னால் போனான். என் அறை லாலாகுடாவில், ஊரின் மறுகோடியில். அமீர்பேட்டை வரை நடந்துவிட்டு அங்கே பஸ் பிடிக்கலாம் என்று நினைத்தேன். வேலை போன நாட்களில் நான் நடப்பது வழக்கம். இது எத்தனையாவது வேலை என்று தெரியாது. லாரியில் கிளீனர், பிறகு அதே லாரியில் டிரைவர், சோலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் சப்பாத்தி போட்டது, பெல்லாரி பக்கம் ஒரு கல்குவாரியில் காவல். எங்கும் கால் நிலைக்கவில்லை. ஹைதராபாத்தில்தான் சில வருடங்கள் தங்கிவிட்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அலுப்பாக இருக்கலாம்.

கச்சிபௌலியில் எனக்கு டீ போடும் வேலை. ஒரு மருந்து கம்பெனியின் தலைமை அலுவலகம், கண்ணாடிக் கட்டடத்தின் மேல் மாடி. தொழிற்சாலை ஜீடிமெட்லாவில். முதலில் அந்தத் தொழிற்சாலை கேன்டீனில்தான் இருந்தேன். டீ நன்றாக இருக்கிறதென்று காண்ட்ராக்டர் என்னை மேல் மாடிக்கு மாற்றினார்.

கம்பெனியை நடத்துகிறவர்கள் ஏழு பேர். எம்.டி.யும் ஆறு டைரக்டர்களும். எல்லோரும் ஆண்கள், ஏறக்குறைய ஒரே வயது, ஒரே கல்லூரி, ஒரே ஹாஸ்டல். ஹாஸ்டலில் யாருடைய சோப்பை யார் எடுத்தார் என்று இப்போதும் தகராறு செய்வார்கள். ஒருவர் தொடங்கிய வாக்கியத்தை அடுத்தவர் முடிப்பார். கெட்டவர் என்று ஒருவரைக்கூடச் சொல்ல மாட்டேன். எனக்குக் காய்ச்சல் கண்டபோது எம்.டி. தன் காரைக் கொடுத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அப்படிப்பட்ட முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஏழு பேரும் காலை ஐந்து மணிக்கு எழுகிறவர்கள். அதுவும் ஹாஸ்டலில் வந்த பழக்கம்தான். எழுந்ததும் ஒரு கிளப்பில் பேட்மின்டன். அங்கேயும் டீ நான்தான். எம்.டி.யின் கார் டிரைவர் எனக்கு அடுத்த தெருக்காரர். அவருடைய பைக்கில் தொற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடுவேன். ஆட்டம் முடிந்ததும் ஏழு பேரும் ஒரு நீளமான பெஞ்சில் துண்டும் கழுத்துமாக உட்கார்ந்து பேசுவார்கள். எந்த மிஷின் வாங்குவது, யாரை வேலைக்கு எடுப்பது, எந்த மருந்தை நிறுத்துவது எல்லாம் அந்தப் பெஞ்சில் முடிந்துவிடும். பிறகு அலுவலகத்தில் மீட்டிங் நடக்கும். ஒருவர் சொல்வார், மற்றவர்கள் முதல் முறையாகக் கேட்பதுபோலக் கேட்டுத் தலையாட்டுவார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. நண்பர்களோடு பேசியதை அவர்கள் கம்பெனி விஷயமாகவே நினைக்கவில்லை என்று தோன்றுகிறது.

போன வருடம் எட்டாவது ஆளாக ஒரு அம்மா வந்தார். வெளிநாட்டில் மருந்து வாங்குகிறவர்கள், உங்கள் தலைமைக் குழுவில் ஒரு பெண்கூட இல்லையா என்று கேட்டார்களாம். ஊழியர் நிர்வாகத்துக்கு டைரக்டராக அவரை எடுத்தார்கள். அந்த வாரம்தான் நீல நாடா எல்லோர் கழுத்திலும் ஏறியது. போட்டோ எடுத்தபோது அவரை நடுவில் நிற்க வைத்தார்கள்.

அவர் தமிழ்க்காரர். அப்பா இங்கே மத்திய அரசின் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் இருந்தவர். முதல் நாள் டீ வைத்தபோது என் தெலுங்கைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணா, நீங்க எந்த ஊரு?"

"வாணியம்பாடி பக்கம் மேடம்."

"அதான். உங்க தெலுங்குல பிரியாணி வாசனை வருது."

வந்த வேகத்தில் அவர் செய்த ஒரு காரியம் மற்றவர்களுக்கு விசித்திரமாக இருந்தது. தொழிற்சாலைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் முதல் ஸ்டாப்பிலேயே ஏறி, பேக்கிங் ஹால் பெண்களோடு உட்கார்ந்து ஜீடிமெட்லா வரை போனார். கார் இருக்கும்போது எதற்கு என்று ஏழு பேரும் அக்கறையோடு விசாரித்தார்கள்.

பிறகு ஒரு நாள் பெஞ்சில் அந்த யோசனை வந்தது. காலை எட்டு மணி ஷிப்டுக்கு வரும் பஸ்கள் தினமும் பாலாநகரில் மாட்டிக்கொண்டன. பேக்கிங் ஹால் தாமதமாகத்தான் தொடங்கியது. தொழிற்சாலையைப் பார்த்துக்கொள்ளும் டைரக்டர் சொன்னார். அவர்கள் பேசியது தெலுங்கு. நான் என் தமிழில் எழுதுகிறேன்.

"ஷிப்டை ஆறு மணிக்கு மாத்திட்டா என்னடா? அந்த நேரத்துல ரோடு மொத்தமும் நம்மளுது."

எம்.டி. துண்டால் முகத்தைத் துடைத்தார். "நாளைக்கே போய்ப் பார்த்துடுவோம்."

மறுநாள் பேட்மின்டனை விட்டுவிட்டு ஏழு பேரும் இரண்டு கார்களில் பஸ் போகும் பாதையிலேயே போனார்கள். நானும் ஃபிளாஸ்க்கோடு பின் சீட்டில். உண்மையிலேயே ரோடு காலி. ஜன்னலைத் திறந்துவிட்டார்கள், குளிர்ந்த காற்று அடித்தது. "இந்த நேரத்துல வேலைக்கு வரக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார் ஒருவர். "மதியம் ரெண்டு மணிக்கே வீடு. சாயங்காலம் முழுக்க ஃப்ரீ" என்று இன்னொருவர் முடித்தார். தொழிற்சாலை வாசலில் இறங்கி டீ குடித்தார்கள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. என் வீடு என்பது ஒரு பாயும் ஒரு வாளியும். எந்த நேரத்தில் கிளம்பினாலும் கதவைச் சாத்தினால் போதும்.

அன்று சாயங்காலம் நல்ல செய்தி சொல்வதாக நினைத்து வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். லாலாகுடாவில் நான் குடியிருந்தது அவருடைய மாடி அறையில். அவர் அதே கம்பெனியின் பேக்கிங் ஹாலில் இருந்தார். மருந்துக் குப்பிகளை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, தூசி துரும்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பிரிக்கும் வேலை. புருஷனின் குடும்பம் ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்காகக் காட்பாடியிலிருந்து வந்த குடும்பம். இரண்டு பெண் குழந்தைகள். அவர் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, உங்க ஷிப்ட் காலையில ஆறு மணிக்கு மாறப்போகுதாம். ரெண்டு மணிக்கே வந்துடலாம்."

"ஆறு மணிக்கா? அப்போ நம்ம முனைக்கு பஸ் எப்ப வரும்?"

"அஞ்சுக்குள்ள வரும்."

"அஞ்சு மணிக்குத்தான் குழாய்ல தண்ணி வருது. அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். யாரு பிடிப்பா, உங்க டைரக்டருங்க வந்து பிடிப்பாங்களா?"

"வீட்டுக்காரரு இருக்காரே."

"ஹவ், இருக்காரு. நைட் டூட்டி முடிச்சிட்டு ஏழு மணிக்கு வந்து குழாய்கிட்ட நிப்பாரு, தண்ணி அவருக்காகக் காத்துட்டிருக்கும்." ஈரப் புடவையை உதறினார். அவர் தமிழில் இந்த ஊர் உருது கலந்து வரும், ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. "இந்த ரெண்டையும் யாரு எழுப்பி, யாரு ஸ்கூலுக்கு அனுப்பறது? கைக்கு இந்த மாதிரி யோசனை வருது அண்ணா அவங்களுக்கு?"

"ரோடு காலியா இருக்காம். நானும் போய்ப் பார்த்தேன்."

"ரோடு காலியா இருந்தா நாங்க முனை வரைக்கும் எப்படி நடக்கறது? காலியா இருக்கறதுதான் பயமே."

உள்ளே இருந்து சின்னவள், அப்படியானால் எனக்கு ஜடை யார் போடுவார்கள் என்று தெலுங்கில் கேட்டாள். அம்மா தமிழில் அதட்ட, அவள் மறுபடியும் தெலுங்கிலேயே கேட்டாள்.

மீட்டிங் அந்த வாரமே நடந்தது. எட்டு கப் வைத்துவிட்டு நான் மூலையில் நின்றேன். விஷயத்தை முதல் முறையாகக் கேட்டது மேடம் ஒருவர்தான்.

"முதல் ஸ்டாப்ல ஏறுறவங்க நாலு மணிக்கு முன்னாடி எழுந்திரிக்கணும் சார். அந்த பஸ்ல நான் போயிருக்கேன். பேக்கிங் ஹால் முழுக்க குழந்தை இருக்கிற பொம்பளைங்க. பாதிப் பேர் நின்னுடுவாங்க."

"நாங்க நேர்லயே போய்ப் பார்த்துட்டோம் மேடம்" என்றார் தொழிற்சாலை டைரக்டர். "ஒரு பிரச்சினையும் இல்லை."

"யாரெல்லாம் போனீங்க?"

"ஏழு பேரும்."

"அன்னைக்குக் காலையில உங்க வீட்ல எழுந்து டீ போட்டுக் குடுத்தது யாரு?"

நிதி டைரக்டர் என்னைக் கையால் காட்டினார். "டீ இவன்தான் போட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் கொஞ்சம் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் கேட்டார். "சரி. உங்க பசங்க தூங்கி எழுந்தப்போ வீட்ல யாரு இருந்தாங்க?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. எம்.டி. மரியாதையாகத்தான் பேசினார். "நல்ல பாயின்ட் மேடம். மனசுல வெச்சுக்குவோம். ஆரம்பிச்சுப் பார்ப்போம், பழகிடும்." ஏழு தலைகளும் ஆடின. அன்றைக்கு மேடம் கப்பைத் தொடவே இல்லை.

பிறகு நான் கப் கழுவும் இடத்துக்கு வந்து நின்றார்.

"இவங்க எப்ப அண்ணா இதைப் பேசினாங்க? நான் லீவுகூடப் போடலையே."

"காலையில கோர்ட்ல பேசிட்டாங்க மேடம்."

"பேட்மின்டன் கோர்ட்லயா?" நான் திறந்துவிட்டிருந்த குழாயை மூடினார். "இந்த வயசுல நான் ஷட்டில் பழகணுமா?"

"ஆட வேண்டாம் மேடம். பெஞ்சுல உக்காந்தா போதும்."

மறுநாள் வந்தார். ஏழு பேரும் எழுந்து நின்றார்கள். ஒருவர் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து, துடைத்து, பெஞ்சுக்கு எதிரே போட்டார். மேடத்தின் மகனின் பள்ளிக்கூடம் பற்றிக் கேட்டார்கள், கிரிக்கெட் பேசினார்கள். கம்பெனி பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள், பக்கத்தில் ஒரு இட்லிக் கடை இருக்கிறது, அங்கே போய்ப் பேசிக்கொள்கிறோம் என்று கிளம்பினார்கள். "அங்க நின்னுட்டுத்தான் சாப்பிடணும். உங்களுக்குச் சிரமம் மேடம்" என்றார் எம்.டி. உண்மையான அக்கறையோடுதான் சொன்னார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோபமாகச் சொல்லியிருந்தால் மேடம் சண்டை போட்டிருக்கலாம்.

நாற்காலியை மடித்துச் சுவரோரம் வைத்தேன். "என் பையனுக்கு டிபன் பாக்ஸ்கூடக் கட்டாம வந்தேன் அண்ணா" என்றார் மேடம். அதன் பிறகு வரவில்லை.

லாரியில் இருந்தபோது எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. தூரப் பயணத்துக்கு இரண்டு டிரைவர்கள் போவார்கள். அண்ணன் தம்பியை ஒரே வண்டியில் அனுப்பவே மாட்டார். அவர்கள் கெஞ்சிக் கேட்டாலும் மாட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன். "இவனுக்குத் தெரிஞ்ச ரோடுதான்டா அவனுக்கும் தெரியும். இவன் தூங்குற நேரத்துலதான் அவனும் தூங்குவான். நான் ரெண்டு சம்பளம் குடுத்து ஒரு டிரைவரையா வெச்சுக்கறது?" என்றார். வேறு ஊர்க்காரனோடு போட்டால் வண்டியில் பாட்டுக்கும் சாப்பாட்டுக்கும் வாய்ச்சண்டைதான். ஆனால் தப்பான ரோட்டில் திரும்பினால் பக்கத்தில் ஒருவன் சொல்லுவான். அந்த ஏழு பேரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த முதலாளி நினைவுக்கு வருவார். ஏழு டிரைவர்கள், ஒரே ரோடு.

ஆறு மணி ஷிப்ட் தொடங்கியது. முதல் சில நாட்கள் பஸ்கள் சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. பெஞ்சில் கை குலுக்கிக்கொண்டார்கள். வீட்டுக்கார அம்மா மூன்று மணிக்கெல்லாம் எழுந்து சமைத்தார். கிளம்பும்போது தூங்கும் குழந்தைகளை உள்ளே வைத்துப் பூட்டி, சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். குப்பியைப் பார்க்கும்போதே கண் மூடிக்கொண்டு போகிறது என்றார். ஒரு நாள் எதிர்வீட்டுக்காரர்கள் சாவியோடு அவசரமாக ஊருக்குப் போய்விட்டதாலும் புருஷனின் டூட்டி நீண்டுவிட்டதாலும் பெரியவள் பரீட்சைக்குப் போகவில்லை, உள்ளேயே அழுதுகொண்டிருந்தாள். அன்றோடு அவர் நின்றுவிட்டார். அவருக்கு முன்பே பலர் நின்றிருந்தார்கள், பின்னாலும் நின்றார்கள். சண்டை, கோஷம் எதுவும் இல்லை. வராமல் போனார்கள், அவ்வளவுதான்.

அவர்கள் இடத்தில் வெளி மாநிலத்துப் பையன்களை எடுத்தார்கள். கண்ணால் பார்த்துப் பிரிக்கும் வேலை கைக்கு வரப் பல மாதம் ஆகும். சரக்கு தேங்கியது, அனுப்பியதில் கொஞ்சம் திரும்பியும் வந்தது. பெண் இல்லையா என்று கேட்ட அதே வெளிநாட்டுக்காரர்கள் அடுத்த ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஷிப்டை மறுபடி எட்டு மணிக்கே மாற்றினார்கள். பெண்கள் திரும்பவில்லை. அவர்களில் பலருக்கு அதற்குள் வேறு வேலை கிடைத்திருந்தது.

பெஞ்சில் பேச்சு அதைச் சுற்றியே வந்தது. ஒருநாள் தொழிற்சாலை டைரக்டர் மனம் நொந்து சொன்னார். "ஒருத்தராவது முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா." மற்ற ஆறு பேரும் ஆமாம் என்றார்கள். நான் டீயை ஊற்றினேன். அவர்கள் நடிக்கவில்லை. யாரும் சொன்னதாக அவர்களுக்கு நிஜமாகவே நினைவில்லை.

மீட்டிங்கில் எம்.டி. மேடத்திடம் சொன்னார். "நீங்க இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கணும் மேடம்."

"எந்த இடத்துல சொல்லணும்னு எனக்குத் தெரியலை சார்" என்றார் மேடம்.

எம்.டி.க்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. கையிலிருந்த தாளைத் திருப்பினார். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

ஆர்டர் போனதால் செலவைக் குறைத்தார்கள். மேல் மாடிக்கு டீ மிஷின் வந்தது. வேலை போன அன்று மதியம் காண்ட்ராக்டர் வருவதற்கு முன்பே மேடம் என்னிடம் வந்துவிட்டார்.

"அண்ணா, உங்களை நிறுத்தறாங்க. என் கையெழுத்துலதான் போகுது. வேற யாரும் சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லணும்னு வந்தேன்."

"பரவால்ல மேடம். கோர்ட்டுக்கு யாரு டீ கொண்டு போவாங்க?"

"அதை அவங்க இன்னும் யோசிக்கலை." லேசாகச் சிரித்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"நீங்க இருப்பீங்களா மேடம்?"

"இருப்பேன். இன்னும் ரெண்டு மூணு பேரை எடுக்கச் சொல்லிக் கேட்டுட்டிருக்கேன். பொம்பளைதான் வேணும்னு இல்லை. வேற இடத்துலேர்ந்து வந்தவங்க, பஸ்ல போனவங்க. தனியா ஒருத்தி இருந்தா நாற்காலி போட்டு உக்கார வெச்சுடறாங்க. நாலு பேர் இருந்தா பெஞ்சுல இடம் விட்டுத்தானே ஆகணும்." கழுவிய கப் ஒன்றை எடுத்து அவரே துடைத்து வைத்தார். "அதுவரைக்கும் தனியா முட்டி அசந்து எனக்குத் தூக்கம்தான் அண்ணா வருது."

அமீர்பேட்டையில் பஸ் கிடைத்தது. லாலாகுடாவில் இறங்கும்போது கால் வீங்கியிருந்தது. வீட்டுக்கார அம்மா வாசலில் சின்னவளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

"போச்சா?"

"போச்சு."

"நக்கோ, வேணாம், அதுக்கு மூஞ்சிய இப்படி வெச்சுக்காதீங்க. எனக்குப் போனப்ப நான் வெச்சுக்கிட்டேனா?"

அவர் அப்போது நாச்சாரத்தில் ஒரு சின்ன யூனிட்டில் இருந்தார். மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் போடும் இடம். நடத்துகிறவர்கள் நாலு பேர். புருஷன், பெண்டாட்டி, கணக்குப் பார்க்கும் ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர் ஒருவர், மிஷின் பார்க்கும் பீகார்க்காரர் ஒருவர்.

"காலையிலேர்ந்து நாலு பேருக்கும் சண்டை அண்ணா. ஒரு முடிவுக்கு வர்றதுக்குள்ள மதியச் சாப்பாடு ஆயிடும். ஆனா முடிவு வந்தா எங்க வீட்ல அடுப்பு எரியும்." சட்டென்று நிறுத்தினார். "வேன் டிரைவர் ஊருக்குப் போயிட்டான், இனி வரமாட்டானாம். உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?"

இருந்தது. நாடாவைச் சின்னவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் தண்ணீர் பாட்டிலில் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை நாச்சாரம் போனேன். முதலாளியம்மா லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணக்குக்காரர், ஆளுக்கு வயசாகிவிட்டது என்றார். பீகார்க்காரர், வண்டியும் கிழம்தான், பொருத்தம் சரி என்றார். சிரிக்காமல் சாவியைக் கொடுத்தார்கள். லாலாகுடாவிலிருந்து எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று கேட்டேன்.

"ஏறுறவங்களைக் கேளு" என்றார் முதலாளியம்மா தெலுங்கில்.

அதற்கடுத்த நாள் காலை எங்கள் தெரு முனையில் வேனை நிறுத்தியபோது பெண்கள் டிபன் பையோடு நின்றிருந்தார்கள். ஒவ்வொருவராக ஏறினார்கள். வீட்டுக்கார அம்மா சின்னவளின் ஜடைக்கு ரிப்பன் கட்டி, அவளை ஸ்கூல் ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் கியரில் கை வைத்தேன்.

"இருங்க அண்ணா. இன்னும் ஒருத்தி வரணும். அவ தெருவுல இன்னைக்குத் தண்ணி லேட்டாத்தான் வந்துச்சு."

இன்ஜினை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன்.